ஓஷ் பஜாரும் ஒரு தமிழ் மெஸ்ஸும்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்கு மருத்துவம் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, பெட்டியில் என்ன வைத்து அனுப்பலாம் என்றுதான். அரிசி எத்தனை கிலோ, துவரம்பருப்பு எத்தனை கிலோ, தேங்காயைத் துருவிக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று நீளும். புளி, உளுந்து, கடுகு, கட்டிப் பெருங்காயம், நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை, வீட்டில் திரித்த சாம்பார்ப்பொடி இவ்வளவு போதும் என்பேன். மிச்ச எடைக்குக் கம்பளி உடுப்பு வையுங்கள். மற்ற சரக்கெல்லாம் ஓஷ் பஜாரில் இருக்கிறது. அந்தப் பஜாரைப் படித்துக்கொள்ளாமல் ஊர்ச் சரக்கையே நம்பி நடக்கிற மெஸ் முதல் பனிக்காலத்தைத் தாண்டாது. அங்கே சாப்பிடும் பிள்ளைகளும் மெலிந்துபோவார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதி மெஸ்ஸில் மாஸ்டராக இருந்தவன் நான். ஓஷில் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். வட இந்தியச் சாப்பாட்டு மெஸ்கள் அங்கே ஏற்கெனவே உண்டு. இட்லியும் ரசமும் கேட்ட பிள்ளைகளுக்காக என்னை அழைத்துப் போனார்கள். ஓஷ் நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். 3 லட்சத்துக்கு மேல் ஜனம். பெர்கானா பள்ளத்தாக்கின் ஓரத்தில், உஸ்பெகிஸ்தான் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், நடுவே சுலைமான் மலை எழுந்து நிற்க, அக்பூரா ஆறு ஊரைக் கிழித்துக்கொண்டு ஓடும். பிள்ளைகள் படிக்கும் ஓஷ் அரசுப் பல்கலைக்கழகம் 1939இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது.

நான் சொன்ன ஓஷ் பஜாரின் பெயர் ஜாய்மா; அக்பூரா ஆற்றங்கரையோடு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தது. துணிமணி, பாத்திரம், கத்தி, தொட்டில், குதிரைச் சேணம், அதற்கப்புறம் காய்கறி, அரிசி, இறைச்சி என்று வரிசை வரிசையாக. பாதிக் கடைகள் சரக்குக் கப்பலில் வரும் இரும்புப் பெட்டிகள். நான் இருந்தபோது திங்கட்கிழமை பெரும்பாலும் அடைப்பு. அதனால் ஞாயிறு அதிகாலையே இரண்டு நாளைக்கான சரக்கை எடுத்துவிட வேண்டும். புதிதாக வரும் யாருக்கும் நான் சொல்லும் முதல் விஷயம் இது. கையில் பணம் இருந்தும் திங்களன்று தக்காளிக்கு அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

காய்கறிக்கு அங்கே காலம் உண்டு. நம் ஊரில் கத்தரிக்காய் வருடம் முழுக்கக் கிடைப்பதுபோல் அங்கே எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஜூன் முதல் அக்டோபர் வரை தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், கத்தரிக்காய் மலைபோல் குவிந்திருக்கும். விலை சரிந்து கிடக்கும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் அத்தனை ருசியான தக்காளி நான் வேறெங்கும் சமைத்ததில்லை. டிசம்பரில் அதே தக்காளி பல மடங்கு விலை; வெட்டினால் உள்ளே வெளுத்திருக்கும். பனிக்காலம் முழுதும் கிடைப்பது உருளை, வெங்காயம், முட்டைக்கோஸ், காரட், பீட்ரூட், பூசணி, முள்ளங்கி. நம் சமையலுக்கு இது போதும். பூசணி போட்ட சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், முள்ளங்கிக் குழம்பு, பீட்ரூட் கூட்டு என்று வாரத்தைச் சுற்றிவிடலாம். ஆகஸ்டில் தக்காளியை வேகவைத்து வடிகட்டிக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைப்பது அந்த ஊர் வீடுகளின் வழக்கம். நானும் அப்படியே அடைத்து வைத்தேன். பிப்ரவரி ரசத்துக்கு அந்த ஜாடிகள்தான் முதல்.

பருப்பு பற்றிச் சொல்ல வேண்டும். துவரை அங்கே விளைவதில்லை. இந்திய மளிகைக் கடையில் கிடைக்கும், விலை கூடுதல். ஆனால் பச்சைப்பயறு பெர்கானா பள்ளத்தாக்கின் சொந்தப் பயிர். கோதுமை அறுத்தபின் அதே வயலில் விதைப்பார்கள். மாஷ் என்று கேட்டால் தருவார்கள். முழுப் பயறாகத்தான் இருக்கும். அதை வாங்கி, வாணலியில் லேசாக வறுத்து, மிக்சியில் ஒரு சுற்று உடைத்து, முறத்தில் புடைத்தால் பாசிப்பருப்பு தயார். பொங்கல், கூட்டு, பாதிச் சாம்பார் எல்லாம் அதில்தான். பயறும் அரிசியும் கொழுப்பும் சேர்த்து மாஷ்கிச்சிரி என்று அவர்களே ஒரு பொங்கல் சமைக்கிறார்கள். அதைச் சாப்பிட்ட அன்று எனக்கு இந்த ஊரில் சமைக்க முடியும் என்ற நம்பிக்கை வந்தது.

அரிசி அந்த ஊரின் பெருமை. ஓஷிலிருந்து வடகிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் உஸ்கன். அங்கே கராகானிது வம்சத்தார் கட்டிய பழைய செங்கல் மினாரும் கல்லறை மண்டபங்களும் இன்றும் நிற்கின்றன. அந்த வட்டாரத்தில் விளையும் தேவ்சீரா அரிசி செம்மை படர்ந்த குண்டு அரிசி. மணியின் மேல் சிவப்புக் கோடு ஓடும். உமியோடு ஆற வைத்துப் பழசானால் விலை ஏறும். நம்மூர்ப் பழைய அரிசிக் கணக்குதான். தண்ணீரையும் எண்ணெயையும் நிறையக் குடிக்கும், குழையாது. தினசரிச் சோற்றுக்கு அது கட்டுப்படியாகாது; அதன் பெருமைக்குரிய இடம் ப்லோவ் என்கிற கறிச்சோறு. மெஸ் சோற்றுக்குச் சந்தையில் கிடைக்கும் வேறு அரிசிகளை எடுத்துக்கொண்டேன். இட்லிக்கு, ரஷ்யாவின் கிராஸ்னதார் பெயரில் விற்கும் குட்டையான வெள்ளை அரிசி நன்றாகக் கைகொடுத்தது. ஊறவைத்து அரைத்தால் நம் இட்லி அரிசிக்குப் பக்கத்தில் வரும்.

மாவு அரைப்பது சுலபம், புளிக்க வைப்பதுதான் வேலை. ஜனவரியில் இரவு வெளியே உறைநிலைக்குக் கீழே போய்விடும். அடுக்குமாடிகளில் சூடேற்றும் குழாய்க்குக் கீழே அண்டாவை வைத்தால் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். சிக்கல் அக்டோபர் கடைசியிலும் ஏப்ரலிலும்தான். குளிர் வந்திருக்கும், நகராட்சி இன்னும் சூடு திறந்திருக்காது; அல்லது நிறுத்தியிருக்கும். அப்போது வெந்தயம் கூட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையாலேயே நெடுநேரம் கரைத்து வைப்பேன். மெஸ்ஸில் வேலைக்கு வந்த உஸ்பெக் அம்மா, நாங்கள் ஓப்பா என்று கூப்பிடுவோம், இதைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து ஒரு குர்பாச்சா கொண்டுவந்தார். தரையில் விரித்து உட்காரும் கனத்த பஞ்சு மெத்தை அது. அண்டாவைச் சுற்றி அதை இறுக்கிக் கட்டி, மேலே தன் பழைய மேலங்கியைப் போட்டு மூடினார். அவர் வீட்டில் தயிர் உறைய வைப்பதும் ரொட்டி மாவு எழும்ப வைப்பதும் அப்படித்தானாம். காலையில் மாவு விளிம்பைத் தொட்டு நின்றது.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுக் கடலையும் ராஜ்மாவும் திறந்த பாத்திரத்தில் வேக நேரமாகும். குக்கர் அவசியம். வசந்தத்தில் மலையில் பனி உருகும் நாட்களில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வரும். தெளியவைத்து, கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடிக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது. முதலாண்டு மாணவர்களின் வயிற்றுக்கோளாறில் பெரும்பகுதியை இந்த ஒரு பழக்கத்தால் தடுத்தோம்.

மின்சாரம் இன்னொரு கவலை. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு ஆற்று நீரிலிருந்து வருகிறது. நாரின் ஆற்றின் மேலுள்ள தோக்தோகுல் நீர்த்தேக்கம் அதற்கு உயிர்நாடி. நீர் குறைந்த ஆண்டுகளில் பனிக்காலம் கடினமாகும். 2023 ஆகஸ்ட் முதல் எரிசக்தித் துறைக்கு அவசரநிலையையே அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீடுவீடாக மின் கணப்பு ஓடும் மாலை நேரத்தில் அழுத்தம் இறங்கி, கிரைண்டர் கல் முனகிக்கொண்டு நிற்கும். அதனால் அரவை எல்லாம் மதியத்துக்குள். சமையலுக்கு எரிவாயு உருளை ஒன்று எப்போதும் நிரம்பியே இருக்கும். தனியறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் மின் அடுப்பை மட்டும் நம்ப வேண்டாம். வீடு பார்க்கும்போது குளியலறைத் தரையின் பளபளப்பைப் பார்க்காமல் சூட்டுக் குழாய் எத்தனை அறையில் ஓடுகிறது என்று பாருங்கள். மேல்தளமும் மூலை வீடும் குளிர்ந்துபோகும். தனி வீடுகளில் நிலக்கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து உண்டு. மணமில்லாமல் ஆளைக் கொல்லும் வாயு. புகைபோக்கியைப் பார்க்காமல் அந்த வீட்டில் படுக்கவே கூடாது.

ஒரு மாஸ்டராக என்னை அதிகம் கற்க வைத்தவர் அந்த ஊர் ஓஷ்பாஸ். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ப்லோவ் சமைக்கும் ஆண் சமையல்காரர்களை அப்படித்தான் அழைப்பார்கள். கல்யாண வீட்டு ப்லோவ் விடியற்காலையிலேயே தயாராகிவிடும். எங்கள் மெஸ் இருந்த மகல்லா என்கிற குடியிருப்புப் பகுதியில் ஒரு கல்யாணத்துக்கு முந்தைய இரவு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கஸான் என்கிற வார்ப்பிரும்புக் கொப்பரை, அடியில் பருத்திமார் விறகு. எண்ணெய் புகைகிற வரை காயும். முதலில் வெங்காயம், அடுத்து ஆட்டுக்கறி, அதன்மேல் விரல்நீளத்துக்கு அரிந்த மஞ்சள் காரட். காரட்டைத் துருவினால் கரைந்துவிடும் என்று அரிவதில் அத்தனை கண்டிப்பு. தண்ணீர் ஊற்றி, சீரகம், முழுப் பூண்டு, ஊறவைத்த கொண்டைக்கடலை போட்டு மெல்லிய கொதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுவார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறிய அரிசியைக் கடைசியில் மேலே பரப்புவார். அதற்கப்புறம் கிளறல் கிடையாது. தண்ணீர் வற்றியதும் காப்கீர் என்கிற துளைக்கரண்டியின் காம்பால் ஆங்காங்கே குழி குத்தி, அரிசியைக் குவித்து மூடிவிடுவார். நம் பிரியாணியின் தம்மை அறிந்த கைக்கு அந்த நெருப்புக் கணக்கு உடனே பிடிபட்டது. மசாலா என்று சீரகம் மட்டுமே போட்டு, காரட்டின் இனிப்பையும் கொழுப்பின் மணத்தையும் வைத்தே ஆயிரம் பேரைத் திருப்திப்படுத்த முடியும் என்பதை அந்த இரவு நேரில் கண்டேன். பிறகு என் பிரியாணியில் பட்டையும் கிராம்பும் குறைந்தன. யாரும் குறை சொல்லவில்லை.

சைவப் பிள்ளைகளுக்கு வெளியே சாப்பிடுவது கஷ்டம்தான், மறைக்க வேண்டாம். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் கறியைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே சூப்பைத் தருவது அன்பினால் செய்வது. கோபப்படக் கூடாது. பூசணி வைத்த சம்சாவும், கொழுக்கட்டை போன்ற மந்தியும் பருவத்தில் கிடைக்கும். உருளைக்கிழங்கு பிரோஷ்கி தெருவெங்கும் உண்டு. தக்காளியும் வெங்காயமும் மெல்லிசாய் அரிந்த அச்சிச்சுக், கட்டித் தயிர், அப்போது சுட்ட தந்தூர் ரொட்டி, இவை மூன்றும் சேர்ந்தால் மதியச் சாப்பாடு முடிந்தது. சம்சாவில் எந்தக் கொழுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் மாடு, குதிரை இறைச்சி கலப்பது தெரிந்திருக்க வேண்டும்.

ரொட்டியை அந்த மக்கள் நடத்தும் விதத்தை வந்த அன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன். கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் போடக் கூடாது, கத்தியால் வெட்டாமல் கையால் பிட்டுப் பகிர வேண்டும். யாராவது நீட்டினால் பசியில்லாவிட்டாலும் ஒரு துணுக்குப் பிட்டு வாயில் போட வேண்டும். வீட்டுக்கு அழைத்தால் வாசலிலேயே காலணி. தேநீரைக் கிண்ணத்தில் பாதியாகத்தான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப ஊற்றிக் கொடுப்பதில்தான் மரியாதை. வயதானவரைக் கண்டால் வலது கையை நெஞ்சில் வைத்துச் சலாம். கிர்கிஸ்காரரை பைக்கே, எஜே என்றும், உஸ்பெக்காரரை அக்கா, ஓப்பா என்றும் அழைத்தால் முகம் மலரும். அங்கே அக்கா என்றால் அண்ணன் என்று அறிந்து பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கச் சிரிப்பார்கள்.

கிர்கிஸ், உஸ்பெக் இரண்டு இனத்தவரும் அந்த ஊரில் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். 2010 ஜூனில் நடந்த கலவரத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதைப் பற்றி வெளியூர்க்காரர் வாயைக் கொடுக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் தலைநகர் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்கள் தங்கிய விடுதிகளைக் கும்பல் தாக்கியபோது, ஓஷிலும் பிள்ளைகள் வெளியே போகாமல் இருந்தார்கள். பெற்றோரின் அழைப்பு ஓயவில்லை. எங்கள் தெருவில் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரொட்டியும் பாலும் வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த நாட்களில் தினம் மூன்று வேளையும் சூடாகப் போடுவதுதான் என்னால் முடிந்தது. பிள்ளைகளின் பயம் பாதி அடங்கியது சாப்பாட்டு மேசையில்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

பணம், போக்குவரத்து இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாணயம் சோம், 1993இல் வந்தது. இந்திய ரூபாயை மாற்றுவது கடினம். டாலர் கொண்டுபோங்கள், மடிப்போ மைக்கறையோ இல்லாத புதுத் தாளாக. கறை பட்ட தாளை வாங்க மாட்டார்கள் அல்லது குறைத்துத் தருவார்கள். கடைக்காரர்களில் பலர் இப்போது கைபேசிச் செயலியில் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் பஜாரில் சில்லறை நோட்டுதான் ராஜா. ஊருக்குள் மர்ஷ்ருத்கா என்கிற சிறு வண்டிகளும் டிராலிபஸ்ஸும் ஓடும். டாக்சியைச் செயலியில் பிடிப்பது நல்லது. முகவரி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்வதில்லை. இன்ன பள்ளிக்கூடத்துக்கு எதிரே, இன்ன பாலத்துக்கு இப்பால் என்பார்கள். நெடுங்காலம் நகரின் நடுவே நின்ற லெனின் சிலை அப்படியொரு அடையாளம்; 2025இல் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும், மூலம் அறையில் பூட்டியிருக்கட்டும். வந்து இறங்கியதும் தங்குமிடப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிஷ்கெக்கிலிருந்து விமானத்தில் ஒரு மணிக்குள் வந்துவிடலாம். சாலை வழி 600 கிலோமீட்டருக்கு மேல். 3000 மீட்டரைத் தாண்டிய இரண்டு கணவாய்கள். பனிக்காலத்தில் அந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. கோடையில் ஒரு முறையாவது போங்கள். சூசமிர் புல்வெளியில் கூடாரங்களின் வாசலில் குதிரைப்பால் விற்பார்கள். தோக்தோகுல் பக்கம் சாலையோரத்தில் மீன் வறுத்துத் தருவார்கள்.

மார்ச் 21, நவ்ரூஸ். பனிக்காலம் முடிந்த கொண்டாட்டம். அதற்கு முளைகட்டிய கோதுமையை அரைத்துப் பால் எடுத்து, மாவும் எண்ணெயும் சேர்த்து, பெரிய கொப்பரையில் இரவு முழுக்கக் கிண்டி சுமலக் செய்வார்கள். சர்க்கரையே போடுவதில்லை; முளையின் இனிப்பு மட்டும். அடிப்பிடிக்காமல் இருக்கக் கழுவிய கூழாங்கற்களைக் கொப்பரைக்குள் போடுகிறார்கள். கற்கள் உருண்டு அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அல்வா கிண்டும் ஊர்ப்பக்கத்தில் பிறந்த எனக்கு இந்த உத்தி பெரிய வியப்பு. தெருப் பெண்கள் பாடிக்கொண்டே முறை வைத்துக் கிண்ட, எங்கள் மாணவிகளும் வரிசையில் நின்றார்கள். கிண்டும்போது மனதில் ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டுமாம். பரீட்சையைத் தவிர வேறெதை வேண்டியிருக்கப் போகிறார்கள்!

உடம்பு முடியாமல் நான் ஊர் திரும்பியபின் மெஸ்ஸை ஓப்பாதான் நடத்துகிறார். இட்லி, சாம்பார், எலுமிச்சைச் சோறு, முட்டைக்குழம்பு எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. புளி தீர்ந்துபோன வாரத்தில் அலிச்சா என்கிற புளிப்புப் பிளம்மை வேகவைத்துப் பிசைந்து ரசம் வைத்திருக்கிறார். பிள்ளைகள் அதையே மறுபடி கேட்டார்களாம். வியாழக்கிழமை ப்லோவ் என்பது அவர் ஏற்படுத்திய முறை. சந்தேகம் வந்தால் அங்கே காலை ஆறு மணிக்குக் கைபேசியில் அழைப்பார், இங்கே ஐந்தரை. எங்களுக்குள் நடப்பது பாதி உஸ்பெக், கால் தமிழ், மிச்சம் கையசைப்பு. போன ஜூலையில் கேட்டது வடகத்தைப் பற்றி. அங்கே கோடை வெயில் 40 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். முற்றத்துத் தப்சான் கட்டிலில் துணி விரித்துப் பிழியலாமா என்றார். பிழியலாம், ஆனால் கட்டிலை மல்பெரி மரத்தடியிலிருந்து நகர்த்திப் போடுங்கள், பழம் விழுந்து கறை பிடிக்கும், குருவியும் விடாது என்றேன். கூழில் உப்பு எவ்வளவு என்று அடுத்த கேள்வி வந்தது. கூழ் சூடாக இருக்கும்போது நாக்கில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் குறைவாக இருக்கிற மாதிரி தோன்றினால் சரி, காய்ந்தால் ஏறிவிடும் என்று சொன்னேன்.